பட்டறை மாமா பதில்கள்

இந்த முறை ஒரே சப்ஜெக்ட். 1989 முதல் 1998 வரை கம்மின்ஸ் 12 வால்வு டீசல் இன்ஜினோடு வந்த டாட்ஜ் ராம் பிக்கப். அதை வீட்டு ஷெட்டிலேயே பிரித்து, தட்டி, மாட்டி, மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவருவது எப்படி? டெக்சாஸிலிருந்து சங்ககிரி வரை கேட்டிருக்கிறார்கள். மாமா ரெடி.

1994 மாடல் ராம் 2500 ஒன்று விலைக்கு வருகிறது. எதை முதலில் பார்ப்பது மாமா?
— டாலஸ் வாசகர்

அடியை. பெயின்ட்டைப் பார்க்கிறவன் ஏமாறுவான், சேஸிஸைப் பார்க்கிறவன் பேரம் பேசுவான். டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு மல்லாந்து படுங்கள். சேஸிஸ் கட்டை, பட்டை மாட்டும் இடம், கேபினின் பின் மூலைகள், கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு எல்லாவற்றையும் தட்டுங்கள். ‘டங்’ என்றால் இரும்பு. ‘பொத்’ என்றால் பட்டி. ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போனால் எழுந்து வீட்டுக்கு வாருங்கள்.

வண்டி மிச்சிகனிலிருந்து வருகிறது. ஓடிய தூரம் குறைவு என்கிறார்கள். நல்லதுதானே?
— நியூ ஜெர்சி வாசகர்

மீட்டரில் மைல் ஏறாவிட்டாலும் சேஸிஸில் உப்பு ஏறும். அங்கே பனிக்காலத்தில் ரோடு முழுக்க உப்பு கொட்டுவார்கள். அரிசோனாவில் மூன்று லட்சம் மைல் ஓடிய வண்டியில் இன்ஜினை மாற்றினால் போதும். மிச்சிகனில் சும்மா நின்ற வண்டியில் இன்ஜினைத் தவிர மற்றதெல்லாம் மாற்ற வேண்டிவரலாம்.

இந்த இன்ஜினை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?
— சென்னைக் கல்லூரி மாணவர்

5.9 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், டர்போ, நேரடி டீசல் பீச்சல். 1989-இல் வந்தபோது 160 குதிரை சக்தி, 400 பவுண்டு-அடி டார்க். லாரிக்கும் விவசாய இயந்திரத்துக்கும் செய்த இன்ஜினைப் பிக்கப்பில் இறக்கினார்கள்.

கம்ப்யூட்டர் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்கு டீசல் வால்வைத் திறந்து வைக்கும் சாலினாய்டுக்கு மட்டும் கரண்ட் வேண்டும். மற்றதெல்லாம் பல்லும் சக்கரமும். கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, காதால் கேட்டுப் பழுது கண்டுபிடிக்கலாம். கொண்டாடாமல் என்ன செய்வார்கள்?

அமெரிக்கக்காரன் வண்டிக் கதை நமக்கு எதுக்குங்க மாமா?
— சங்ககிரி மெக்கானிக்

மேஸ்திரி, அந்த இன்ஜின் உங்கள் பட்டறைக்கே வந்து போனதுதான். 1993-இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா கம்மின்ஸ் கம்பெனி தொடங்கியது. டாட்டா 1613 லாரியில் நீங்கள் இறக்கி ஏற்றிய ‘கம்மின்ஸ்’ அதே 5.9 லிட்டர் குடும்பம். அமெரிக்காவில் அது குதிரை ஏற்றிய டிரெய்லரை இழுக்கிறது. நம்மூரில் வெங்காய லோடை இழுத்தது. எது கஷ்டமான வேலை என்று உங்களுக்கே தெரியும்.

அப்படியென்றால் லைனரை மாற்றிவிட்டால் இன்ஜின் புதிதாகிவிடுமே?
— அதே மேஸ்திரி

இதில் கழற்றி மாட்டும் லைனர் இல்லை. சிலிண்டர் நேராக பிளாக்கிலேயே கடைந்தது. தேய்ந்தால் போர் போட்டு, அரை மில்லி அல்லது ஒரு மில்லி பெரிய பிஸ்டன் போட வேண்டும். அதுவும் முடிந்துவிட்டால் ஸ்லீவ் இறக்கலாம். அந்த வேலை லேத்துக்காரருடையது. வீட்டு ஷெட்டில் போர் போடுகிறேன் என்று எவனாவது வந்தால் கேட்டைச் சாத்துங்கள்.

வாங்கிய கையோடு 400 குதிரை சக்திக்கு ஏற்ற வேண்டும். எங்கே தொடங்குவது?
— ஹூஸ்டன் இளைஞர்

பிரேக்கில்.

பிரேக் பெடல் கல்லாக இருக்கிறது. ஏறி மிதித்தால்தான் பிடிக்கிறது. பூஸ்டரை மாற்றட்டுமா?
— அதே இளைஞர்

இப்போதுதான் உருப்படியான கேள்வி. பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போதே பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் கிடைத்துவிடும். டீசலில் அது கிடைக்காது. அதனால் தனியாக வேக்குவம் பம்ப் வைத்திருக்கிறார்கள். இந்த இன்ஜினில் அது பவர் ஸ்டியரிங் பம்போடு சேர்ந்தே உட்கார்ந்திருக்கும்.

முதலில் குழாயில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். அடுத்து பம்பில் எவ்வளவு இழுக்கிறது என்று கேஜ் வைத்து அளங்கள். பூஸ்டர் மூன்றாவது. விலை குறைந்த சந்தேகத்தை முதலில் தீர்ப்பதுதான் மெக்கானிக் மூளை.

பிரேக் ஆயில் நிறம் கறுத்துவிட்டது. ஆனால் அளவு சரியாக இருக்கிறது. மாற்றணுமா?
— அட்லாண்டா வாசகர்

மாற்றணும். டாட் 3 ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கும். மலை இறக்கத்தில் அது கொதித்தால் பெடல் தரையைத் தொடும். கையோடு துருப்பிடித்த இரும்புக் குழாய்களையும் கழற்றிவிட்டுச் செம்பு-நிக்கல் குழாய் போடுங்கள். வளைக்கச் சுலபம், துரு ஏறாது. தனிச் செம்புக் குழாய் மட்டும் வேண்டாம்.

ஒரு சின்னப் பின் இன்ஜினையே காலி பண்ணிவிடுமாமே, உண்மையா?
— சான் ஆன்டோனியோ வாசகர்

உண்மை. அதற்குப் பட்டப்பெயரே கொலைகாரப் பின். முன்பக்கம் டைமிங் கியர் ஹவுசிங்கை பிளாக்கோடு நேர்படுத்த ஒரு எஃகுப் பின்னை அடித்து இறக்கியிருப்பார்கள். அதைத் தடுத்துப் பிடிக்க எதுவும் இல்லை. இன்ஜின் அதிர அதிர, வருஷக்கணக்கில், அது மயிரிழை மயிரிழையாக வெளியே நகரும். ஒருநாள் கியருக்குள் விழும். ஹவுசிங் உடைந்தால் அதிர்ஷ்டம். டைமிங் எகிறினால் இன்ஜின் போச்சு.

வைத்தியம் எளிது. ஃபேன், முன் டேம்பர், முன் கவர் மூன்றையும் கழற்றுங்கள். பின்னை மெல்லத் தட்டி உள்ளே தள்ளுங்கள். பக்கத்து போல்ட்டில் ஒரு சின்னத் தகட்டை மாட்டி அதன் தலையை மூடுங்கள். போல்ட் கழலாமல் இருக்கப் பசை போடுங்கள். முன் ஆயில் சீலையும் புதிதாக்குங்கள். ஒரு சனிக்கிழமை வேலை, ஒரு இன்ஜின் லாபம்.

காலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஸ்டார்ட் ஆகிவிட்டால் ஜோராக ஓடுகிறது. எங்கேயும் டீசல் லீக் இல்லை.
— ஷார்லட் வாசகர்

டீசல் வெளியே வரவில்லை, காற்று உள்ளே போகிறது. டேங்கிலிருந்து லிஃப்ட் பம்ப் வரைக்கும் இழுக்கிற பக்கம். அங்கே ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் சொட்டாது, உறிஞ்சும். ராத்திரியில் டீசல் டேங்குக்குத் திரும்பிவிடும், குழாயில் காற்று நிற்கும்.

உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒரு சாண் வாங்கி நடுவில் மாட்டுங்கள். குமிழி ஓடினால் கேஸ் முடிந்தது. வாங்கிய பழைய வண்டி எதுவானாலும் ரப்பர் குழாய் அத்தனையையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள்.

ஐந்து வருஷம் கொட்டகையில் நின்ற வண்டி. டேங்கில் பாதி டீசல் இருக்கிறது. அப்படியே ஸ்டார்ட் பண்ணலாமா?
— ஒக்லஹோமா வாசகர்

பண்ணலாம், பம்ப் ரிப்பேர்க்காரர் குடும்பம் உங்களை வாழ்த்தும். நின்ற டீசலின் அடியில் தண்ணீர் தேங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் கோட்டில் நுண்ணுயிர் வளரும். கறுப்புச் சளியாகத் திரண்டு ஃபில்டரை அடைக்கும். டேங்கை இறக்குங்கள், கழுவுங்கள், இரண்டு ஃபில்டர் வாங்கிவையுங்கள். முதல் ஃபில்டர் ஒரு வாரம்கூடத் தாங்காது.

வால்வ் செட்டிங்கை நானே செய்ய முடியுமா?
— பீனிக்ஸ் வாசகர்

முடியும். 12 வால்வில் அதற்குத் தனித்தனி மூடிகள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். உள்வால்வுக்கு 0.25 மில்லி, வெளிவால்வுக்கு 0.50 மில்லி. ஃபீலர் கேஜ் லேசாகப் பிடித்துக்கொண்டு வழுக்கி வந்தால் சரி. பிடுங்கினால்தான் வருகிறது என்றால் இறுக்கம், தானாக விழுந்தால் தளர்ச்சி. வெடி வரிசை 1-5-3-6-2-4. அதைச் சாக்பீஸால் ஷெட் சுவரில் எழுதிவையுங்கள்.

துருப்பிடித்த போல்ட் சுற்ற மாட்டேன் என்கிறது. நீளமான பைப் போட்டு மிதிக்கட்டுமா?
— பிட்ஸ்பர்க் வாசகர்

மிதித்தால் போல்ட் வரும், பாதி மட்டும். மீதிப் பாதியை எடுக்க ஒரு முழு நாள் போகும். முந்தின ராத்திரியே எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். காலையில் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் திருப்புங்கள். துரு உடையும். பிறகு கழற்றுகிற பக்கம் கொஞ்சம், மறுபடி இறுக்கம், மறுபடி கழற்றல். அப்படியும் வராவிட்டால் நட்டைச் சுட வையுங்கள். பக்கத்தில் டீசல் குழாயோ பிரேக் குழாயோ இருந்தால் நெருப்பே வேண்டாம், கட்டர் போதும்.

சேஸிஸில் ஓட்டையை வெல்டிங் வைத்து அடைக்கப்போகிறேன். பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டால் போதுமா?
— கிளீவ்லாண்ட் வாசகர்

நிறுத்துங்கள்! கையிலிருக்கும் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் காயாமல் இருக்கும் இடத்தில் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு வரும். முதல் உலகப்போரில் ஆயுதமாக வீசிய வாயு அது. கொஞ்சம் போதும், நுரையீரல் போய்விடும்.

அசிட்டோன் போட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள தகடாக இருந்தால் பூச்சைத் தேய்த்து எடுத்த பிறகே வெல்டிங். அந்தப் புகை ராத்திரிக் காய்ச்சல் கொடுக்கும். ஓட்டை சேஸிஸின் பாரம் தாங்கும் இடத்தில் இருந்தால் தேர்ந்த வெல்டர் கையில் கொடுங்கள். அது வண்டியின் முதுகெலும்பு.

பெயின்ட்டும் ஷெட்டிலேயே அடித்துவிடலாமா? மூக்குக்குத் துணி கட்டிக்கொள்கிறேன்.
— சியாட்டில் வாசகர்

துணி தூசிக்கு. ஹார்டனர் கலந்த இரண்டு பாகப் பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. அதைச் சுவாசித்தால் ஆயுளுக்கும் ஆஸ்துமா வரலாம். வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி வேண்டும். அது இல்லையென்றால் டிங்கர் வேலை, பட்டி, தேய்ப்பு எல்லாம் நீங்கள் முடித்து, கடைசி அடியை மட்டும் பூத் வைத்திருப்பவரிடம் விடுங்கள். பெருமையில் ஒரு மாற்றுக் குறையாது.

இன்ஜினை நானும் என் மச்சினனும் சேர்ந்து தூக்கிவிடலாமா?
— நாஷ்வில் வாசகர்

எடை ஏறக்குறைய 500 கிலோ. மச்சினனை அவன் அக்காவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். கிரேன் வாடகைக்கு எடுங்கள். அதிலும் ஒரு சூட்சுமம். கையை நீட்ட நீட்ட அது தாங்கும் எடை குறையும். எழுதியிருக்கும் இரண்டு டன் என்பது கையை முழுக்க உள்ளே இழுத்திருக்கும்போது. உங்கள் வண்டியின் மூக்கோ நீளம். துளைக்குத் துளை எழுதியிருக்கும் எடையைப் படித்த பிறகே சங்கிலி மாட்டுங்கள்.

வீட்டுக்காரர் நாள் முழுக்க அந்த லாரிக்கு அடியிலேயே கிடக்கிறார் மாமா. என்ன செய்வது?
— ஆஸ்டின் வாசகி

அம்மா, ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். வண்டி ஜாக்கியில் நிற்கிறதா, ஜாக்கி ஸ்டாண்டில் நிற்கிறதா? வெறும் ஜாக்கி என்றால் இப்போதே குரல் கொடுத்து வெளியே வரச் சொல்லுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். ஒரு சீல் போனால் வண்டி இறங்கும், அடியில் இருப்பவருக்கு எச்சரிக்கை வராது.

நாலு டயரில் தரையில் இருப்பவற்றுக்கு முன்னும் பின்னும் கட்டை, சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்ட், கெட்டியான சிமென்ட் தரை. இந்த மூன்றும் இருந்தால் ஒரு டம்ளர் காபியை உள்ளே தள்ளிவிடுங்கள். பாவம், கிடக்கட்டும்.

எங்கள் குடியிருப்புச் சங்கம் ஓடாத வண்டியை வாசலில் வைக்காதே என்று நோட்டீஸ் அனுப்பிவிட்டது.
— பிரிஸ்கோ வாசகர்

பல சங்கங்களிலும், சில நகராட்சிகளிலும் விதி அப்படித்தான். வீடு வாங்கும்போது கையெழுத்துப் போட்டது நீங்கள். சண்டை போடாமல் வண்டியை ஷெட்டுக்குள் தள்ளுங்கள். 2500 நீள வண்டி உள்ளே நுழையுமா என்று டேப் பிடித்துப் பார்க்க வேண்டியது வண்டி வாங்கும் முன்.

பம்பைத் திருகி டீசலைக் கூட்டினால் சக்தி கூடுமாமே?
— ஹூஸ்டன் இளைஞர், மறுபடியும்

பிரேக் முடிந்ததா? சரி, கேளுங்கள். 1994 முதல் வந்த வண்டியில் பாஷ் பி 7100 பம்ப். அதன் உள்ளே இருக்கும் ஒரு சின்னத் தகடுதான் எவ்வளவு டீசல் போகலாம் என்று தீர்மானிக்கிறது. அதை நகர்த்தினால் டீசல் கூடும், டார்க் கூடும், சூடும் கூடும்.

முதலில் டர்போவுக்கு முன்னால் எக்சாஸ்டில் சூடு காட்டும் மீட்டர் மாட்டுங்கள். 1,250 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 675 செல்சியஸ். பாரம் இழுக்கும்போது முள் அதைத் தாண்டி நிற்கக் கூடாது. பிஸ்டன் அலுமினியம். அடுத்த பலி கிளட்ச்சோ ஆட்டோமேடிக் கியர் பாக்ஸோ. மீட்டர் இல்லாமல் பம்பைத் திருகுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு எண்ணெய்ச் சட்டிக்குள் கைவிடுவது.

கறுப்புப் புகை கக்கினால்தானே கெத்து?
— பெயர் எழுதாத வாசகர்

கறுப்புப் புகை எரியாத டீசல். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது, வேலை செய்யாமலே வெளியே போகிறது. பின்னால் வரும் சைக்கிள்காரர் மூச்சிலும், உங்கள் பிள்ளை மூச்சிலும் போய் உட்காருகிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பத்து ஆண்டுகளில் 5,50,000-க்கும் அதிகமான டீசல் பிக்கப்களில் புகைக்கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று 2020-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிட்டது. அப்படிப் பிடுங்குவது அங்கே சட்டவிரோதம். நல்ல மெக்கானிக் கட்டிய இன்ஜினில் புகை தெரியாது, இழுப்புதான் தெரியும்.

கலிபோர்னியாவில் இந்த வண்டிக்குப் புகைச் சோதனை உண்டா?
— சான் ஹோசே வாசகர்

1997 வரையான டீசல் மாடல்களுக்கு இல்லை. 1998 முதல் உண்டு. சோதனை இல்லாதது உங்களுக்கு வசதி, ஊருக்கு நீங்கள் பட்ட கடன். இன்ஜெக்டரையும் டைமிங்கையும் ஒழுங்காக வைத்து அடையுங்கள்.

35 அங்குல டயர் மாட்டினேன். பார்க்க ராஜாவாக இருக்கிறது. வேறு ஏதாவது கவனிக்கணுமா?
— டென்வர் வாசகர்

ஸ்பீடோமீட்டரை. கம்பெனி டயர் 235/85 ஆர் 16 என்றால் சுமார் 31.7 அங்குலம். 35 அங்குலத்தில் ஒரு சுற்றுக்குப் பத்து சதவீதம் கூடுதல் தூரம் போகும். முள் 60 மைல் காட்டும்போது நீங்கள் 66-இல் போகிறீர்கள். போலீஸ்காரர் ரேடாரில் உங்கள் மீட்டர் இல்லை.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் டாட் எழுத்துகளோடு வரும் எண்ணில் கடைசி நாலு இலக்கம், வாரமும் வருஷமும். 2312 என்றால் 2012-ஆம் ஆண்டின் 23-வது வாரம். பட்டன் நிறைய இருந்தாலும் அது கிழடு.

வண்டியை நாலு அங்குலம் தூக்கினேன். ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங் வெறிபிடித்து ஆடுகிறது.
— அல்புகர்க்கி வாசகர்

அந்த ஆட்டத்துக்கு அங்கே மரண ஆட்டம் என்றே பெயர். முன் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் டிராக் பாரின் மூட்டு தேய்ந்திருக்கும். 1994-க்குப் பிந்தைய ராமில் இது தீராத வியாதி. உயரம் கூட்டியதும் கோணமும் கெட்டுவிட்டது. டிராக் பார், பால் ஜாயின்ட், டை ராடு எல்லாவற்றையும் ஒருவர் ஸ்டியரிங்கை ஆட்ட, ஒருவர் அடியில் கைவைத்துப் பாருங்கள். புது ஸ்டியரிங் டேம்பர் மாட்டினால் ஆட்டம் மறையும், நோய் அப்படியே இருக்கும்.

ஐந்தாவது கியர் திடீரென்று காணாமல் போய்விட்டது. லீவர் விழுகிறது, வண்டி இழுக்கவில்லை.
— கான்சஸ் வாசகர்

கியர் பாக்ஸ் என்.வி. 4500 தானே? ஐந்தாவது கியரை மெயின் ஷாஃப்ட்டில் பிடிக்கிற பெரிய நட் கழன்றிருக்கும். கம்மின்ஸ் அதிர்வுக்கு அது பேர்போன பலவீனம். தானாகக் கழலாதபடி செய்த புது நட் கிடைக்கிறது, போடுங்கள். ஆயிலையும் அந்தப் பாக்ஸுக்கென்று சொன்ன ஜி.எல். 4 தர செயற்கை ஆயிலாகவே ஊற்றுங்கள். மலிவு ஆயில் கியர் பாக்ஸில் விலையேறும்.

1999 மாடல் 24 வால்வு வாங்கலாமா? புதுசாச்சே.
— சிகாகோ வாசகர்

வாங்கலாம். ஆனால் முதல் செலவு டீசல் பிரஷர் மீட்டர். 1998 நடுவிலிருந்து வந்த அந்த இன்ஜினில் வி.பி. 44 பம்ப். போகிற டீசல்தான் அதற்கு எண்ணெய், அதுதான் அதற்குக் குளிர்ச்சி. லிஃப்ட் பம்ப் சோர்ந்து பிரஷர் இறங்கினால், பெரிய பம்ப் காய்ந்து சாகும். சின்னவன் செத்ததைச் சொல்லாமல் பெரியவனைக் கொல்லுவான்.

ஃபோர்டா, டாட்ஜா? சண்டை தீர மாட்டேன் என்கிறது மாமா.
— ஒரே வீட்டு அண்ணன் தம்பி, ராலே

ஃபோர்டின் 7.3 பவர் ஸ்ட்ரோக் நல்ல இன்ஜின். ஆனால் இன்ஜெக்டரை இயக்குவது உயர் அழுத்த இன்ஜின் ஆயில், நேரம் சொல்லுவது கேம் சென்சார். அந்தச் சென்சார் போனால் நடுரோட்டில் மௌனம். ஒன்று வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

தீர்ப்பு: கேபினும் பெட்டியும் ஃபோர்டு, இன்ஜின் டாட்ஜ். அண்ணன் பாடியை எடுத்துக்கொள்ளட்டும், தம்பி இன்ஜினை.

வண்டியின் டேஷ்போர்டு அப்பளமாக நொறுங்குகிறது. ஹெட்லைட்டும் மங்கல்.
— லாஸ் வேகாஸ் வாசகர்

1994 முதல் 2001 வரை வந்த ராமுக்கு அந்த டேஷ்போர்டுதான் அடையாள அட்டை. மேல்மூடி தனியாக விற்கிறார்கள், ஒட்டிவிடுங்கள். வெளிச்சம்தான் அவசரம். ஹெட்லைட் கரண்ட் முழுவதும் சுவிட்ச் வழியாகச் சுற்றிவருவதால் பாதி வழியிலேயே களைத்துவிடுகிறது. ரிலே போட்டு பேட்டரியிலிருந்து நேராக, நடுவில் ஃபியூஸோடு, கெட்டி ஒயர் இழுங்கள். அழகு காத்திருக்கும், இருட்டு காத்திருக்காது.

கழற்றிய பழைய ஆயிலை வேலியோரம் ஊற்றினால் களை சாகுமாமே?
— ஜார்ஜியா வாசகர்

களை சாகும், கிணறும் சாகும். ஒரு காலன் கழிவு ஆயில் பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கக்கூடும் என்று எச்சரிக்கிறார்கள். இந்த இன்ஜினில் ஒருமுறை மாற்றினால் சுமார் 11 லிட்டர் வருகிறது. பெரும்பாலான உதிரிபாகக் கடைகள் இலவசமாகவே வாங்கிக்கொள்கின்றன. புது ஆயில் வாங்கப் போகிற அதே கடைக்குப் பழையதைக் கொண்டுபோக என்ன சிரமம்?

கம்மின்ஸ் என்பது ஊரா, ஆளா?
— மதுரை மாணவி

ஆள். கிளெஸ்ஸி கம்மின்ஸ். 1919-இல் இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் கம்பெனி தொடங்கினார். டீசல் இன்ஜின் காருக்கு ஆகாது என்று ஊரே சொன்னது. 1930 தொடக்கத்தில் பேக்கார்ட் கார் ஒன்றில் டீசல் இன்ஜினை இறக்கி, இண்டியானாபொலிஸிலிருந்து நியூயார்க் வரை ஓட்டிக் காட்டினார். எரிபொருள் செலவு 1 டாலர் 38 சென்ட்.

மறுவருஷம் 1931-இல் அவருடைய டீசல் கார் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஒருமுறைகூட நிற்காமல் 500 மைலையும் முடித்தது. இன்ஜினை வீட்டிலேயே மாற்றிப் பொருத்துகிறவர்களுக்கு அவர்தான் மூத்த அண்ணன்.

இப்படி ஒரு ராமை கோயம்புத்தூருக்கு இறக்கிவிட முடியுமா?
— கோவை தொழிலதிபர்

முடியாது. பழைய வண்டி இறக்குமதி என்றால் செய்து 3 ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது, ஸ்டியரிங்கும் வலப்பக்கம் இருக்க வேண்டும். உங்கள் கனவு வண்டி இரண்டிலும் ஃபெயில். கையில் பணமும் ஆசையும் இருந்தால் நம்மூர்ப் பழைய ஜீப்பையோ டாட்டா 207-ஐயோ எடுங்கள். பாகத்துக்கு உக்கடம் இருக்கிறது.

அந்த டாட்டா 207-இல் வேறு இன்ஜின் போட்டு, பெரிய டயர் மாட்டலாமா?
— அதே தொழிலதிபர்

சட்டத்தைத் தாண்டி ஒரு நட்டும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இன்ஜின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி. புத்தகத்திலும் ஏற வேண்டும். ஆனால் இருந்தபடியே புதுசாக்குவதற்கு எவர் அனுமதியும் வேண்டாம். அதிலேயே பத்து வருஷ வேலை கிடக்கிறது.

மொத்தச் செலவு எவ்வளவு ஆகும் மாமா?
— டாம்பா வாசகர்

நீங்கள் நினைத்த தொகையை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு வண்டிக்கு, ஒரு பங்கு தெரிந்த பழுதுக்கு, ஒரு பங்கு கழற்றிய பிறகு தெரியப்போகும் பழுதுக்கு. மூன்றாவது பங்கில் கைவைத்துப் பம்பர் வாங்கியவர்களின் வண்டிகள்தான் பாதியில் விற்பனைக்கு வருகின்றன. பம்பர் பளபளக்கும், வண்டி ஓடாது.

என் 15 வயது மகளும் கூடச் சேர்ந்து செய்ய ஆசைப்படுகிறாள். எந்த வேலையைக் கொடுப்பது?
— கொலம்பஸ் வாசகர்

கண்ணாடி, கையுறை, ஸ்டாண்ட் மூன்றையும் சரிபார்க்கும் அதிகாரத்தைக் கொடுங்கள். அவள் ‘சரி’ என்று சொன்னால்தான் அப்பா வண்டிக்கு அடியில் போகலாம். அடுத்து வால்வ் செட்டிங்கைக் கற்றுக்கொடுங்கள். ஃபீலர் கேஜைப் பிடிக்கப் பலம் வேண்டாம், நிதானம் வேண்டும். அது உங்களைவிட அவளுக்கு அதிகம் இருக்கும்.

கடைசியாக, வேலை வரிசையைச் சொல்லிவிடுங்கள் மாமா. சுவரில் ஒட்டிக்கொள்கிறேன்.
— ஹூஸ்டன் இளைஞர், மூன்றாம் முறை

எழுதிக்கொள் மாப்பிள்ளை. ஒன்று, பிரேக். இரண்டு, ஸ்டியரிங்கும் டயரும். மூன்று, சேஸிஸ் துரு. நான்கு, டீசல் குழாய், ஃபில்டர், அந்தக் கொலைகாரப் பின். ஐந்து, ஒயரிங்கும் வெளிச்சமும். ஆறு, பாடியும் பெயின்ட்டும். ஏழாவதாக, ஆறும் முடிந்து ஆறு மாதம் தொல்லையில்லாமல் ஓடிய பிறகு, பம்பில் கைவை.

இந்த வரிசையில் போனவர்களின் 12 வால்வு வண்டிகள் இன்றைக்கும் பாரம் இழுக்கின்றன. இந்த வாரம் வேறு எதுவும் வாங்க வேண்டாம். ஒரு ஜோடி நல்ல ஜாக்கி ஸ்டாண்ட் மட்டும் வாங்குங்கள். அடுத்த கடிதத்தை அதற்குப் பிறகு எழுதுங்கள்.